முந்திரியா, சுண்ணாம்புக் கல்லா?

பெரம்பலூரில் குடியிருந்து அரியலூரில் வேலை பார்ப்பவர்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலை பாதி வெளுத்திருக்கும். தட்டினால் போய்விடும், வெறும் புழுதிதான். தமிழ் விரிவுரையாளர் வைத்திலிங்கத்துக்கு மட்டும் தட்டினாலும் போகாது. நாற்பத்தொன்பது வயதில் அது நிஜ நரை. அதில் முக்கால் பங்கு கல்லூரியின் முத்தமிழ் மன்றம் கொடுத்தது என்பது அவர் கட்சி. கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கும் யாராவது கோபித்துக்கொள்வார்கள்.

மன்றம் வருடத்துக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தும். அதைக் கேட்டு யாராவது மனம் புண்படுவார்கள். புண்பட்டவர் வீட்டுக்கு வைத்திலிங்கம் சார் எலுமிச்சம்பழத்தோடு போய் வருவார். எழுபத்தொன்பதில் இரண்டு நடிகர்களில் யார் பெரியவர் என்று வைத்தார்கள். ஏழு ஜன்னல் கண்ணாடி போயிற்று. எண்பதில் குடும்ப நிம்மதிக்குக் காரணம் மாமியாரா, மருமகளா என்று வைத்தார்கள். தாளாளர் வீட்டம்மாள், தன் வீட்டுக் கதையை யாரோ மேடையில் ஏற்றிவிட்டதாக மூன்று நாள் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றால் சோறு சாப்பிடவில்லை. பலகாரம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது என்று அவர்கள் வீட்டுச் சமையல்காரி சொன்னாள். எண்பத்தொன்றில் கிராமமா, நகரமா. பெரம்பலூர்ப் பையன் ஒருவன் அரியலூரைக் கொஞ்சம் பெரிய கிராமம் என்று சொல்லப்போக, அன்று சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸின் பின்கண்ணாடி நொறுங்கியது. சார் அதே பஸ்ஸில், கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு பிரின்சிபால் ஒரு விதி போட்டார். மேடையில் பேசப்போவதை முன்கூட்டியே நோட்டில் எழுதி மன்றப் பொறுப்பாளரான சாரிடம் காட்ட வேண்டும். அவர் படித்துப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டில் இல்லாததைப் பேசி வம்பு வந்தால் பேசின பையனுக்கு டி.சி. நோட்டில் இருப்பதைப் பேசி வம்பு வந்தால் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். விதி போட்ட பயத்தில் எண்பத்திரண்டில் பட்டிமன்றமே நடக்கவில்லை. அந்த வருடம் சார் ஒரு சுற்றுப் பெருத்தார்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் மறுபடி கூப்பிட்டனுப்பினார்கள்.

"யாருமே கோச்சுக்க முடியாத தலைப்பா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார் பிரின்சிபால்.

சார் ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்தார். மனிதர்கள் வரக்கூடாது, ஊர் வரக்கூடாது, உறவுமுறை வரக்கூடாது. கடைசியில் எழுதிக் கொடுத்தார்: 'மக்களுக்குப் பெரிதும் பயன்படுவது முந்திரியா, சுண்ணாம்புக் கல்லா?' மாணவர்களில் பாதிப் பேர் முந்திரித் தோப்புகள் நிறைந்த ஜெயங்கொண்டம் பக்கம். மீதிப் பேர் சிமெண்டுக்குக் கல் வெட்டும் அரியலூர் பக்கம். இரண்டு பக்கமும் கை தட்டும். கொட்டைக்கும் கல்லுக்கும் ரோஷம் வராது. பிரின்சிபால் எழுந்து நின்று கை கொடுத்தார்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பக்கம் பேசுவது என்பது பேசுகிறவர் இஷ்டமில்லை. எவர்சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, எடுத்த பக்கத்தைப் பேச வேண்டும். பேச்சு அவரவர் சொந்த அபிப்பிராயம் என்று எவரும் பழி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக சாரே கொண்டுவந்த ஏற்பாடு. பி.ஏ. கடைசி வருடம் படித்த பூமாலைக்கு சுண்ணாம்புக் கல் விழுந்தது. அவனுடைய ஊர் கல் குவாரியை ஒட்டிய ஊர். அவன் அம்மா காத்தாயி குவாரியில் கல் சுமப்பவள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவன். மைக் இல்லாமலேயே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டால் பட்டதாரி.

ஆறு பேர் பேச்சு, ஆறு நோட்டு. ஆறும் ஒரே நாளில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வந்து சேர்ந்தன. தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. முந்திரியையும் கல்லையும் பற்றி என்ன எழுதிவிடப் போகிறார்கள்? சார் முதல் நோட்டில் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். மீதி எல்லாவற்றிலும், மணியார்டர் பாரத்தில் போஸ்டாபீஸ்காரர் முத்திரை குத்துகிற வேகத்தில், 'பார்த்தேன்' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

விழாவுக்குத் தலைமை, தோப்புக்காரர் பிச்சைமுத்து. கல்லூரிக் கமிட்டியில் இருப்பவர். எத்தனை ஏக்கர் முந்திரி என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லமாட்டார், 'கண்ணுக்கெட்டின வரைக்கும்' என்பார். அன்று கை நிறையப் பெருமையோடு வந்தார். வறுத்த முந்திரி இரண்டு மூட்டை கொண்டுவந்து, காகிதப் பொட்டலமாக மடித்து, கூட்டத்துக்கு ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னார். இதுவரை எந்தத் தலைவரும் இப்படிச் செய்ததில்லை. முந்நூறு பேர் மென்றுகொண்டே கேட்ட பட்டிமன்றம் அது ஒன்றுதான்.

முதல் நான்கு பேர் பேசியது யாருக்கும் ஞாபகமில்லை. நடுவராக உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் சார், இரண்டும் சமமே என்ற தீர்ப்பை வீட்டிலேயே எழுதி எடுத்து வந்திருந்தார். ஐந்தாவதாகப் பூமாலை எழுந்தான். கல்லால் வீடு வருகிறது, பாலம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது என்று ஒழுங்காகத்தான் போனான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்கள் கையில் வைத்திருக்கும் பொட்டலத்தைக் கொஞ்சம் பாருங்கள். அந்தப் பருப்பு வெள்ளையாக இருக்கிறது. ஓட்டை உடைத்து அதை எடுத்த விரல் என்ன நிறம் என்று தெரியுமா? ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து உரிகிறது. சாம்பலைத் தடவிக்கொண்டு மறுபடி உடைக்கிறார்கள் நம் தாய்மார்கள். வெகுதூரம் போக வேண்டாம். இதே மண்டபத்தில் நம்மோடு படிக்கும் ஒரு சகோதரியின் விரல்களைப் பாருங்கள். லீவு நாளில் கொட்டை உடைத்துத்தான் அவர் படிக்கிறார்."

மெல்லும் சத்தம் நின்றது. பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. மூன்றாவது வரிசையில் ஏதோ சலசலப்பு. சார் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் பார்த்தது பக்கத்து நாற்காலியை. பிச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"முந்திரியக் குடுத்து வசவ வாங்கிட்டுப் போறேன். நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மேடையின் பின்படி வழியாக இறங்கிப் போனார். ஆறாவது ஆள் பேசவில்லை. சமமே என்ற தீர்ப்பு சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன்கள் வகுப்புக்குப் போகவில்லை. எங்கள் ஊரைக் கேவலப்படுத்திவிட்டான், பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் முந்திரி மரம் ஒன்றுகூட இல்லை. அம்மாக்கள் கொட்டை உடைக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள்தான் அதிகச் சத்தம் போட்டார்கள். கமிட்டியிலிருந்து பிரின்சிபாலுக்கு ஆள் மேல் ஆள் வந்தது. விசாரணை என்று முடிவாயிற்று. அதுவரை பூமாலைக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

"பையன் நோட்டுல இல்லாதத பேசிட்டான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. டி.சி.யோட முடிஞ்சுது" என்றார் பிரின்சிபால். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் ரிட்டையர் ஆக இரண்டு வருடம்தான். "ஜூன்ல நீங்க துறைத் தலைவர் ஆவணும். இத மனசுல வச்சுக்குங்க."

சார் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பூமாலையின் நோட்டை முதல் முறையாகப் படித்தார். பதினோராம் பக்கத்தில் பொட்டலம் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் இருந்தது, சாம்பல் இருந்தது, சகோதரி இருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தேன்' இருந்தது. பையன் ஒரு வார்த்தைகூடக் கூட்டிப் பேசவில்லை. மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பித்திருந்தான்.

வீட்டில் மனைவி புஷ்பவல்லி விஷயத்தை முழுக்கக் கேட்டாள். கேட்காமலே அவளுக்குத் தெரியும். குழாயடியில் காலையிலேயே வந்துவிட்டது.

"நோட்டு தொலஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. நோட்டுன்னா தொலையாதா? நம்ம வூட்டு ரேசன் கார்டே ரெண்டு தடவ தொலஞ்சிருக்கு."

"பையன் படிப்பு போயிடும் புஷ்பா."

"வேற காலேஜ் சேத்துக்குவான். உங்களுக்கு வேற ஜூன் மாசம் வருமா?"

சார் தட்டில் கையைக் கழுவினார்.

அடுத்த நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பூமாலை காத்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். டீ வாங்கிக் கொடுத்தார்.

"எனக்குக் கல்லு விழுந்துச்சு சார், கல்லு பேசுனேன். முந்திரி விழுந்திருந்தா வேற பேசியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நோட்டுல எல்லாம் இருக்கு. நீங்க கையெழுத்து போட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "படிக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். படிச்சிருந்தா அந்தப் பக்கத்த அடிச்சிருப்பீங்க. அதான் பேசாம குடுத்தேன்."

சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் மன்றம் நடத்தினவருக்குக் கோபம் வருகிற இடத்தில் அசதிதான் வந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நோட்டைக் கேட்டார்கள். சார் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பக்கம் பன்னிரண்டு என்று அவரே பிரித்துக் காட்டினார்.

"இத நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா கையெழுத்து போட்டீங்க?"

"நல்லா இருந்துச்சு. போட்டேன்."

பிரின்சிபால் மின்விசிறியைப் பார்த்தார். வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் வைத்திலிங்கம். ஆனாலும் அன்று திக்காமல் சொன்னார் என்று, கதவுக்கு வெளியே நின்று கேட்ட பியூன் உத்திராபதி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான். கதவுக்கு வெளியே நிற்பதுதான் அவன் உத்தியோகம்.

பையனுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. மற்றவர்களோடு அவனுக்கும் ஹால் டிக்கெட் கொடுக்கலாம். சாருக்கு மெமோ. துறைத் தலைவர் பதவி வேறொருவருக்கு. முத்தமிழ் மன்றம் மறு உத்தரவு வரும்வரை கிடையாது. பிச்சைமுத்துவுக்கு சார் தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். எழுதினார். 'தங்கள் மனம் புண்பட நேர்ந்தமைக்கு' என்று தொடங்கும் வாக்கியம் அவர் பேனாவுக்கு வழி தெரிந்த வாக்கியம், தானாகவே போய்விடும். பிச்சைமுத்து அதைப் பெரிய மனதோடு ஏற்று, கணக்குப்பிள்ளையிடம் ஒரு கிலோ முந்திரி கொடுத்தனுப்பினார். புஷ்பவல்லி அதைப் பாயசத்தில் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். ஜூன் மாதத்தை நினைத்து அழுதவள் அவள்தான், நெய்யில் நிதானமாகச் சிவக்க வறுத்தவளும் அவள்தான். பாயசம் நன்றாகவே இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று சார் நினைத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டாம் வருடம், செங்கமலம். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கடைசி பெஞ்சு. இரண்டு வருடத்தில் அவள் பேசி அவர் கேட்டதில்லை.

"சார், அவன் பேசினது நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களாமே."

கைகளைத் தாவணிக்குள் மறைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் சாருக்கு மூன்றாவது வரிசை ஞாபகம் வந்தது. எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நீதானாம்மா அது?"

"வேற யாரு சார்? இந்தக் காலேஜ்ல கொட்ட ஒடைக்கிற பொண்ணு நான் ஒருத்திதான். ரெண்டு வருசம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு. அவன் எப்பவோ என் கையப் பாத்திருக்கான். இப்ப லேடீஸ் ரூம்ல நான் டிபன் பாக்ஸத் தொறந்தா எல்லாரும் என் கையப் பாக்குறாங்க. ஒருத்தி தேங்கா எண்ண கொண்டாந்து குடுத்தா."

"அவன் பொய் சொல்லலியேம்மா."

"பொய்யின்னு நான் சொன்னனா? நெசந்தான். என்னோட நெசம். என்னைக் கேட்டானா? நீங்க கேட்டீங்களா?"

பூமாலையின் நோட்டைத் தான் படிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கலாம். படித்தேன் என்று சொன்ன வாய் அது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் கடைசியில். பிச்சைமுத்துவுக்குப் பத்து வரி ஓடின பேனாக்காரருக்கு இங்கே ஒரு சொல்தான் வந்தது.

"மன்னிப்பு வேணாம் சார். அது போவேண்டிய வூட்டுக்குப் போயிடுச்சு. நானும் பேசணும். மன்றத்த மூடிட்டாங்க. தமிழ்த் துறைப் பலகை உங்க கையிலதான இருக்கு? அதுல இத ஒட்டுங்க."

தாவணிக்குள்ளிருந்து நான்கு தாள் வந்தது. விரல் நுனிகள் தெரிந்தன. கறுத்து, ஓரம் உரிந்து. அவள் மறைக்கவில்லை.

"எழுதிக் குடுத்தா படிப்பீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஊசி அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்து படித்தார். ஒரு வரியும் விடாமல்.

'என் விரலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தோப்புக்காரர் தன் பெயர் கெட்டது என்றார். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. என்னைத்தான் முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்தவர்களில் ஒருவரும் என்னிடம் வந்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. பூமாலைக்கு விழுந்த சீட்டில் என் கை இருந்தது, அதனால் என் கையைச் சொன்னான். அவன் வீட்டில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். நான் அதை எழுதப் போவதில்லை. அவன் அம்மாவிடம் நான் கேட்கவில்லை.'

மூன்றாம் தாள் வரை சார் மனதுக்குள் தலையாட்டிக்கொண்டே வந்தார். நான்காம் தாளில் அவர் இருந்தார்.

'இதைத் தடுத்திருக்கக் கூடியவர் ஒருவர் இருந்தார். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு படித்தேன் என்றார். அவரை எல்லோரும் நல்லவர் என்கிறார்கள். நல்லவர்தான். படித்திருந்தால் இன்னும் நல்லவர்.'

சுருக்கென்றது. ஒரு பையனுக்காகப் பதவியை விட்டவனை இப்படியா எழுதுவது என்று முதலில் தோன்றியது. யார் சொன்னது இவளிடம் என்று அடுத்துத் தோன்றியது, பூமாலைதான் உளறியிருப்பான். காது மடல் சூடாயிற்று. பிச்சைமுத்து துண்டை உதறினபோது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்து, அந்த நினைப்பு பிடிக்காமல் தாளை மேஜையில் வைத்தார்.

"இது வெளியில வந்தா, நான் விசாரணையில சொன்னது பொய்யின்னு ஆயிடும். பையன மறுபடி புடிப்பாங்க. பரிச்ச போயிடும். அதுக்காவத்தான் சொல்றேன். எனக்காவ இல்ல."

செங்கமலம் யோசித்தாள். வெளியே அவள் போக வேண்டிய ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஹால் டிக்கெட்டு என்னிக்கு குடுப்பாங்க?"

"திங்கக்கெழம. யுனிவர்சிட்டி சீலு. கைக்கு வந்துட்டா காலேஜ் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப செவ்வாக்கெழம ஒட்டுங்க. ஒரு எழுத்தும் எடுக்கக் கூடாது." வாசல் வரை போனவள் நின்றாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும் சார். எனக்கும் இருந்துச்சு. போயிட்டு வரேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான்கு தாளும் அவர் பையில் இருந்தன. புஷ்பவல்லியிடம் சொல்லவில்லை. அவள் பையைத் துழாவிப் படித்துவிட்டாள் என்பது வேறு விஷயம். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். அதுவே அந்த வீட்டில் பெரிய செய்தி.

திங்கட்கிழமை பூமாலை ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஆசிரியர் அறைக்கு வந்து காட்டிவிட்டுப் போனான். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சார் முதல் பஸ்ஸில் வந்தார். தமிழ்த் துறைக்கு வெளியே வராந்தாவில், ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலை ஒதுக்கிவிட்டு, நான்கு தாளையும் வரிசையாகக் குத்தினார். கூட்டிக்கொண்டிருந்த உத்திராபதி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, எழுத்துக் கூட்டி, உதடு அசைய, ஒவ்வொரு தாளாகப் படித்தான். நான்காவதில் வெகுநேரம் நின்றான்.

"சார், இது யாரோ உங்களப் பத்தி எழுதின மாதிரி இல்ல இருக்கு?"

"மாதிரி இல்ல. என்னைப் பத்திதான்."

"காலங்காத்தால யாரும் பாக்கல. கிழிச்சிரவா?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். கையைக்கூட நீட்டிவிட்டான். ஜெயங்கொண்டம் பஸ்ஸும் குவாரிப் பக்கத்து பஸ்ஸும் வந்து நின்ற சத்தம் கேட்டது. கேட்டுக்குள் பையன்கள் கும்பலாக நுழைந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கு இரண்டு கட்சிக்குமே கோபம் வரும். பத்து மணிக்குப் பிரின்சிபாலுக்கும் வரும்.

"வேணாம்" என்றார் சார். "அந்தக் கடைசித் தாள்ல ஆணி லொடலொடங்குது பாரு. காத்துல பறந்துடும். ஒரு கல்லு எடுத்தாந்து நல்லா அடி."